லாரி இன்ஜினுக்கு எந்த கிரேடு ஆயில் ஊத்தணும், எப்படி முடிவு பண்றது

ஆயில் பத்தி பேச்சு வந்தாலே எந்த கம்பெனி ஆயில் நல்லதுன்னு தான் சண்டை வரும், ஆனா இன்ஜினுக்குள்ள போனப்புறம் கம்பெனி பேரு எந்த பேரிங்குக்கும் தெரியாது, நடுவுல எவ்ளோ கனத்துல ஒரு படலம் நிக்குதுங்கறது தான் அதுக்கு கணக்கு. அந்த கனத்த தீர்மானிக்கறது தான் கேன் மேல பெருசா அடிச்சிருக்குற 15டபிள்யூ-40, 10டபிள்யூ-30, 5டபிள்யூ-40 இந்த மாதிரி நம்பர். நாம கிரேடுன்னு சொல்றோம், மேனுவல்ல விஸ்காசிட்டின்னு போட்டிருப்பான். கட்டி ஆயில் ஊத்தினா இன்ஜின் நிறைய நாள் வரும், லேசான ஆயில் ஊத்தினா தேஞ்சிடும்னு ரொம்ப பேரு நம்புறாங்க, அதுல பாதி தான் சரி, மீதி பாதி தான் செலவு வைக்கும்.

முதல்ல ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க, எந்த ஆயிலும் எப்பவும் ஒரே கட்டில இருக்காது, சூடு ஏற ஏற இளகிட்டே போகும். சாதாரணமா ஒரு 15டபிள்யூ-40 எடுத்தீங்கன்னா 40 டிகிரி சூட்டுல சுமார் 105ல இருந்து 120 சென்டிஸ்டோக் (ஆயில் கட்டிய அளக்கற அலகு) வரைக்கும் இருக்கும், அதையே 100 டிகிரிக்கு கொண்டு போனா 14, 15க்கு இறங்கிடும். 20 டிகிரில இருக்குற தண்ணி 1 சென்டிஸ்டோக், அத வெச்சு பாத்துக்கங்க. ஓடுற இன்ஜின்ல சம்ப்ல, அதாவது இன்ஜினுக்கு அடியில ஆயில் தேங்குற தொட்டில, இருக்குற ஆயில் சாதாரணமா 90ல இருந்து 110 டிகிரிக்குள்ள நிக்கும், லோடோட மேடு ஏறும்போது பேரிங்லயும் பிஸ்டனுக்கு அடியிலயும் டர்போவுலயும் அத விட கூட சூடு. அதனால கேன திறந்து ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சுப் பாத்து "இது தண்ணி மாதிரி இருக்கு, அது நல்லா கட்டியா இருக்கு"ன்னு சொல்றதுல ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா விரல் சூட்டுல தெரியற கட்டி வேற, இன்ஜின் சூட்டுல இருக்கப் போற கட்டி வேற.

இப்ப அந்த நம்பருக்கு வருவோம். இந்த கிரேடு எல்லாமே எஸ்ஏஈங்கற இன்ஜினியர்கள் சங்கம் போட்ட ஜே300னு ஒரு ஸ்டாண்டர்டுல இருந்து வருது. டபிள்யூங்கறது குளிர்காலத்துக்கான குறி, எடைக்கான குறின்னு சில பேர் சொல்லுவாங்க, அது இல்ல. இதுல பெரும்பாலான ஆளுங்க குழம்புற இடம் என்னன்னா, 15டபிள்யூ-40ன்னா குளிர்ல 15 மாதிரி லேசா இருக்கும், சூடாச்சுன்னா 40 ஆகி கட்டியாயிடும்னு நினைச்சுக்கறாங்க. எந்த ஆயிலும் சூட்டுல கட்டியாகாது. ரெண்டு நம்பரும் ரெண்டு வேற வேற பரீட்சைல வாங்கின மார்க்கு, ஒண்ண ஒண்ணோட ஒப்பிடவே கூடாது.

முதல் நம்பர் குளிர் பரீட்சை. 15டபிள்யூன்னா மைனஸ் 20 டிகிரில கிராங்க் சுத்த விடுற அளவுக்கு இளகலா இருக்கணும், மைனஸ் 25ல பம்பு உறிஞ்சி மேல அனுப்புற அளவுக்கு ஓடணும். 10டபிள்யூவுக்கு அது மைனஸ் 25, மைனஸ் 30. 5டபிள்யூவுக்கு மைனஸ் 30, மைனஸ் 35. 0டபிள்யூ இன்னும் அஞ்சு டிகிரி கீழ. அந்தப் பக்கம் 20டபிள்யூன்னா மைனஸ் 15, மைனஸ் 20. நம்பர் அஞ்சு குறைஞ்சா அஞ்சு டிகிரி கூடுதல் குளிர் தாங்கும்னு கணக்கு வெச்சுக்கலாம். ஆனா இது லேப் கணக்கு, நிஜத்துல குளிர்ல பேட்டரியும் படுத்துடும், ஸ்டார்ட்டரும் இழுக்காது, டீசலும் கூழாயிடும், அதனால இன்ஜின் கம்பெனிங்க மேனுவல்ல இன்னும் கொஞ்சம் முன்னாடியே கோடு போட்டிருப்பாங்க, 15டபிள்யூ-40க்கு பெரும்பாலும் மைனஸ் 10 இல்லாட்டி மைனஸ் 15 வரைக்கும் தான் போட்டிருக்கும்.

ரெண்டாவது நம்பர் சூட்டு பரீட்சை, 100 டிகிரில அளக்கறது. 30ன்னா 9.3ல இருந்து 12.5க்குள்ள, 40ன்னா 12.5ல இருந்து 16.3க்குள்ள, 50ன்னா 16.3ல இருந்து 21.9க்குள்ள சென்டிஸ்டோக். பாருங்க, ஒரு 30 கிரேடு 12.3ல இருக்கலாம், ஒரு 40 கிரேடு 12.7ல இருக்கலாம், ரெண்டுக்கும் வித்தியாசமே இருக்காது, ஆனா கேன்ல வேற வேற நம்பர். அதே மாதிரி 12.7ல இருக்குற 40ம் 16ல இருக்குற 40ம் ஒரே நம்பர் போட்டுக்கிட்டு நல்லா வித்தியாசமா இருக்கும். அதனால கம்பெனிங்க தர்ற டேட்டா ஷீட்ட ஒரு தடவ திறந்து 100 டிகிரி நம்பர பாக்கறது நல்ல பழக்கம், ரெண்டு நிமிஷ வேலை.

இதோட நின்னுட்டா கார் ஆயிலும் லாரி ஆயிலும் ஒண்ணுன்னு ஆயிடும், மூணாவதா ஒரு பரீட்சை இருக்கு, கேன் மேல அந்த நம்பர் போட மாட்டாங்க ஆனா லாரிக்கு அது தான் உயிர். கிராங்க் பேரிங்குக்குள்ள ஆயில் சும்மா நிக்கிறதில்ல, ரொம்ப மெல்லிசான இடுக்குல பயங்கர வேகத்துல இழுபட்டுட்டு இருக்கும், மழைல வேகமா போற வண்டியோட டயர் ரோட்ட தொடாம தண்ணி மேல மிதக்குற மாதிரி கிராங்க் அந்த ஆயில் படலத்து மேல மிதந்துட்டு தான் சுத்துது. மல்டிகிரேடு ஆயில்ல, அதாவது 15டபிள்யூ-40 மாதிரி ரெண்டு நம்பர் இருக்குற ஆயில்ல, சூட்டுல ரொம்ப இளகாம இருக்க கலந்திருக்குற பாலிமர் இந்த இழுப்புல நீண்டு ஒதுங்கிடும், ஆயில் அந்த நொடிக்கு இளகிடும். அத அளக்கறதுக்கு தான் 150 டிகிரி சூட்டுல அந்த மாதிரி வேகத்துல இழுத்துப் பாக்குற எச்டிஎச்எஸ் டெஸ்ட். ஜே300 கணக்குப்படி 30 கிரேடுக்கு அது 2.9 மில்லிபாஸ்கல் செகண்ட் இருந்தா போதும், 5டபிள்யூ-40க்கும் 10டபிள்யூ-40க்கும் 3.5, 15டபிள்யூ-40க்கு 3.7. ஆனா லாரி டீசலுக்குன்னு வர்ற ஏபிஐ சிகே-4 ஆயில் (ஏபிஐங்கறது அமெரிக்க பெட்ரோலிய சங்கம், சிகே-4 அவங்க குடுக்கற தரக் குறி) என்ன கிரேடா இருந்தாலும் 3.5க்கு கீழ போகக் கூடாதுன்னு தனியா ஒரு விதி இருக்கு. அதாவது கார் 10டபிள்யூ-30ம் சிகே-4 போட்ட 10டபிள்யூ-30ம் நம்பர்ல அண்ணன் தம்பி, பேரிங்குக்குள்ள போனா லாரி ஆயில் தான் கனமா நிக்கும். "30 ஆயில் லாரிக்கு தாங்காது"ன்னு சொல்றவங்க இந்த இடத்துல தான் தப்பு பண்றாங்க, சிகே-4 10டபிள்யூ-30 நிறைய பெரிய இன்ஜினுக்கு கம்பெனியே ஒத்துக்கிட்ட கிரேடு தான். இன்ஜின் கம்பெனி சொல்லாம நீங்களா கார் 30 கிரேடு ஊத்தினா தான் ஆபத்து.

இதுலயே இன்னொரு பொறி இருக்கு. 2016 டிசம்பர் 1ல சிகே-4 வந்தப்ப கூடவே எஃப்ஏ-4ன்னு ஒண்ணும் வந்துச்சு. எஃப்ஏ-4 வேணும்னே லேசா செஞ்ச ஆயில், எச்டிஎச்எஸ் 2.9ல இருந்து 3.2க்குள்ள, டீசல் மிச்சம் பண்றதுக்காக, அதுக்குன்னு டிசைன் பண்ண புது இன்ஜினுக்கு மட்டும். சிகே-4 பழைய சிஜே-4, சிஐ-4, சிஎச்-4 கேட்ட இன்ஜினுக்கு எல்லாம் ஊத்தலாம், எஃப்ஏ-4 அப்படி பின்னாடி போகாது. சில கம்பெனிங்க அவங்க புது இன்ஜினுக்கு எஃப்ஏ-4 ஓகே சொன்னாங்க, சில பேர் வேண்டாம்னுட்டாங்க. பிரச்சனை என்னன்னா ரெண்டுமே கேன் மேல 10டபிள்யூ-30ன்னு தான் போட்டிருக்கும். கேன் பின்னாடி ஏபிஐயோட வட்ட முத்திரை இருக்கும் பாருங்க, மேல் பாதில சிகே-4 இல்ல எஃப்ஏ-4ன்னு எழுத்து, நடுவுல கிரேடு, எஃப்ஏ-4க்கு அந்த வட்டத்துல ஒரு பகுதிய தனி நிறம் அடிச்சு வெச்சிருப்பாங்க. கிரேடு மட்டும் பாத்து தூக்கிட்டு வராம அந்த முத்திரைய பாத்துட்டு தூக்குங்க.

சரி இப்ப உங்க வண்டிக்கு எப்படி முடிவு பண்றது.

மேனுவல்ல இருந்து தான் ஆரம்பிக்கணும், ஆனா வண்டி மாடல வெச்சு தேடாதீங்க இன்ஜின் மாடல வெச்சு தேடுங்க, ஒரே லாரி மாடல் ரெண்டு மூணு இன்ஜினோட வரும், அதுவும் இன்ஜின் வந்த வருஷத்தப் பொறுத்து ஆயில் மாறும். இன்ஜின் பிளாக்லயோ வால்வு கவர்லயோ ஒரு தகடு இருக்கும், அதுல மாடலும் சீரியல் நம்பரும் இருக்கும், ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க. மேனுவல்ல ஆயில் பக்கத்துல வெளி டெம்பரேச்சர ஒரு கோடா போட்டு அதுக்கு நேரா எந்தெந்த கிரேடு எங்க இருந்து எங்க வரைக்கும்னு பட்டை பட்டையா ஒரு சார்ட் இருக்கும். அந்த சார்ட் தான் எல்லாமே, மத்தவங்க சொல்றதெல்லாம் அதுக்குள்ள எத எடுக்கலாம்ங்கறதுக்கு தான்.

அந்த சார்ட்ட பாக்கும்போது நீங்க எடுத்துட்டுப் போக வேண்டிய நம்பர் ஒண்ணு தான், உங்க வண்டி இன்ஜின் முழுசா ஆறிப்போய் ஸ்டார்ட் ஆகப் போற இடத்துலயே அதிக குளிர் எவ்ளோ. உங்க ஊர் வெயில் இல்ல, சராசரி இல்ல. வண்டி சமவெளில ஓடிட்டு ராத்திரி மலை மேல நின்னு விடியக்காலைல ஸ்டார்ட் ஆகுதுன்னா அந்த விடியக்காலை தான் கணக்கு. அடுத்த ஆயில் மாத்துற வரைக்கும் எந்த எந்த ரூட் போகும்னு யோசிச்சுக்கங்க, இப்ப வெயில் காலமா இருக்கலாம், அதே ஆயில் குளிர் காலத்துக்கும் போயிடும், பெரிய லாரில ஒரு ஆயில் மாத்துனா ரொம்ப தூரம் ஓடும்ல.

அந்த குளிர் நம்பர வெச்சு முதல் நம்பர் முடிவாயிடும். தண்ணி உறையாத இடத்துலயே ஓடுற வண்டிக்கு 15டபிள்யூ தாராளமா போதும், 5டபிள்யூ ஊத்தறதால தப்பு ஒண்ணும் இல்ல, காலைல ஆயில் கொஞ்சம் சீக்கிரமா ராக்கருக்கும் (மேல இருந்து வால்வ தள்ளற கை) டர்போவுக்கும் போகும், ஆனா அந்த வித்தியாசத்துக்காக சிந்தெட்டிக்குக்கு கூட காசு குடுக்கணுமான்னா என் கணக்குல அந்தக் காச நல்ல ஃபில்டருக்கும் நேரத்துக்கு ஆயில் மாத்துறதுக்கும் போடுங்கன்னு தான் சொல்லுவேன். மைனஸ் 15க்கு கீழ போற ரூட்டுன்னா பேச்சே இல்ல, 10டபிள்யூ இல்ல 5டபிள்யூ தான், சார்ட் என்ன சொல்லுதோ அது.

குளிர்ல கட்டி ஆயிலோட ஸ்டார்ட் பண்ணா என்ன ஆகும்னா, ஸ்டார்ட்டர் இழுக்க சிரமப்படும், அது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாதது ரெண்டு இருக்கு. ஆயில் ஃபில்டர் வழியா சுலபமா போகாததால ஃபில்டர்ல இருக்குற பைபாஸ் வால்வு திறந்துக்கும், அழுக்கோடயே ஆயில் பேரிங்குக்கு போகும். இன்னொண்ணு மேல இருக்குற ராக்கர், டர்போ இதுங்களுக்கு ஆயில் லேட்டா போய் சேரும், டர்போ ஷாஃப்ட் நிமிஷத்துக்கு லட்சம் சுத்துக்கு பக்கமா சுத்துற சாமான், அது காஞ்சு சுத்தினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. அதனால குளிர் ஸ்டார்ட்டுக்கு அப்புறம் கொஞ்சம் ஐடில்ல விட்டுட்டு லேசா கிளம்புங்க, உடனே ஆக்சிலேட்டர மிதிச்சு விடாதீங்க. இன்ஜின் பிரேக் இருக்குற வண்டில, வால்வ திறந்து கம்ப்ரஷன வெளிய விடுற அந்த டைப், அதுல வால்வ தள்ளறதே இன்ஜின் ஆயில் பிரஷர் தான், ஆயில் சூடாகாம கட்டியா இருந்தா பிரேக் லேட்டா பிடிக்கும் லேட்டா விடும், இன்ஜின் சூடாகிற வரைக்கும் அத போடாம இருக்கணும். கேட்டர்பில்லர், நேவிஸ்டார் பழைய சில மாடல்ல இன்ஜெக்டரையே இன்ஜின் ஆயில் பிரஷர்ல தான் அடிக்க விட்டிருப்பாங்க, அந்த இன்ஜின் குளிர்ல ஸ்டார்ட் ஆகலன்னா முதல் சந்தேகம் கிரேடு மேல தான் போகணும்.

ரெண்டாவது நம்பருக்கு வெளி வெயில் கிட்டத்தட்ட சம்பந்தமே இல்ல, இத சொன்னா நிறைய பேர் ஒத்துக்க மாட்டாங்க. வெளிய 45 டிகிரி கொளுத்துதுன்னு ஆயிலும் அந்த அளவுக்கு கூடுதலா சூடாகாது, தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் ஆயில் கூலரும் அந்த வேலைக்கு தான் இருக்கு, பெரும்பாலான மேனுவல் சார்ட்ல 15டபிள்யூ-40 பட்டை வெயில் பக்கம் முடிவே இல்லாம போயிட்டு இருக்கும். வெயில் அதிகம்னு 20டபிள்யூ-50க்கு போறது, கூலர்ல தூசி அடைச்சிருக்குறத பாக்காம விட்டுட்டு ஆயில்ல வைத்தியம் பாக்குறது. ரெண்டாவது நம்பர தீர்மானிக்கறது இன்ஜினோட இடுக்கும் ஆயில் பம்போட அளவும், இத டிசைன் பண்ணவன் ஏற்கனவே முடிவு பண்ணிட்டான். மேனுவல்ல 30ம் 40ம் ரெண்டுமே இருந்தா மட்டும் தான் உங்களுக்கு தேர்வு இருக்கு, அப்ப லோடும் ரூட்டும் பாருங்க. ஃபுல் லோடு, ஏத்தம் அதிகம், டிப்பர், சுரங்கம், நின்னு நின்னு ஓடுறது, நாள் பூரா ஐடில், இதுக்கெல்லாம் 40 பக்கம் போங்க. நெடுஞ்சாலைல ஒரே வேகத்துல ஓடுற வண்டிக்கு 10டபிள்யூ-30 சிகே-4 ஊத்தினா டீசல் ஒரு சதவீதம் அளவுல மிச்சமாகலாம், ஒரு வண்டிக்கு அது பெருசா தெரியாது, நிறைய வண்டி வெச்சிருக்கறவங்களுக்கு தெரியும்.

கட்டி ஆயில் ஊத்தினா பிரஷர் மீட்டர் முள்ளு மேல நிக்கும், அத பாத்து மனசு குளிர்ந்து போறவங்க நிறைய பேர். பிரஷர்ங்கறது ஆயில் ஓடறதுக்கு இருக்குற தடை, எவ்ளோ ஆயில் ஓடுதுன்னு அது காட்டாது. தேவைக்கு மேல கட்டியா இருந்தா பிரஷர் ஏறும், ரிலீஃப் வால்வு திறந்து மிச்ச ஆயில சம்புக்கே திருப்பி விட்டுடும், பேரிங்குக்கு போறது குறையும். ஆயில் வெறும் வழவழப்புக்கு மட்டும் இல்ல, பிஸ்டனுக்கு அடியில பீச்சி சூட்ட எடுத்துட்டு வர்றதும் அது தான், ஓட்டம் குறைஞ்சா சூடு அங்கயே தங்கிடும். ரொம்ப லேசா இருந்தாலும் கதை கெட்டுடும், சூடான ஐடில்ல படலம் கிழிஞ்சு உலோகமும் உலோகமும் தொடும். அதனால தான் ரெண்டு பக்கமும் எல்லை போட்டு சார்ட் குடுக்கறாங்க.

பழைய இன்ஜின், ஆயில் குடிக்குது, புகை தள்ளுது, அதுக்கு 20டபிள்யூ-50 ஊத்தலாமான்னு கேப்பாங்க. சார்ட்ல 20டபிள்யூ-50 இருந்து, குளிர் இல்லாத இடத்துல ஓடினா ஊத்தலாம், ஓரளவு குடிக்கறது குறையலாம். ஆனா அதுக்கு முன்னாடி ஆயில் எங்க போகுதுன்னு பாருங்க. வெளிய கசிவா, டர்போ சீல் போயி இன்டேக் குழாய்ல ஆயில் நிக்குதா, வால்வு சீலா, ரிங்கா. பிரீதர்ல (இன்ஜினுக்குள்ள சேர்ற காத்த வெளிய விடுற குழாய்) புகை எவ்ளோ வருதுன்னு பாத்தாலே ரிங் லைனர் நிலைமை ஓரளவு தெரிஞ்சிடும். டர்போ சீல் போன வண்டில கட்டி ஆயில் ஊத்தி ஓட்டிட்டு இருந்தா ஒருநாள் டர்போவே போயிடும், சில சமயம் அந்த ஆயில உறிஞ்சியே இன்ஜின் நிக்காம எகிறும். கிரேடு மாத்தி நோய மறைக்கலாம், ரிங் வேலைய கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம், அவ்ளோ தான். ஆயில கட்டியாக்குற டப்பா மருந்து விக்கிறாங்களே அத ஊத்தவே ஊத்தாதீங்க, அது பாலிமர் தான், இழுப்புல சீக்கிரம் அறுந்துடும், ஆயில்ல இருக்குற மத்த சேர்மானத்தோட பொருத்தத்தையும் கெடுத்துடும்.

இதுக்கு நேர் எதிரா ஆயில் தானா இளகிப் போறது இன்னொரு கதை. சூடான ஐடில்ல பிரஷர் முன்ன விட குறையுது, டிப்ஸ்டிக்ல ஆயில் குறையறதுக்கு பதிலா ஏறுதுன்னா டீசல் கலந்திருக்கு. இன்ஜெக்டர் ஒழுகலா இருக்கலாம், இல்ல டிபிஎஃப், அதாவது புகைல வர்ற கரிய பிடிக்கிற ஃபில்டர், இருக்குற வண்டில அத எரிச்சு சுத்தம் பண்ண இன்ஜினுக்குள்ளயே கூடுதல் டீசல் அடிக்கற டைப்பா இருந்தா, அடிக்கடி அது நடக்கும்போது கொஞ்சம் டீசல் லைனர் வழியா சம்புக்கு இறங்கும். சம்ப்ல தண்ணியும் கலந்து ஆயில் பால் மாதிரி ஆச்சுன்னா அது கூலன்ட் கசிவு, அங்க கிரேடு பேச்சே கிடையாது. ஆயில் ஊத்தின கொஞ்ச நாள்லயே கருப்பாச்சுன்னு பயப்படாதீங்க, டீசல் இன்ஜின்ல கரிய பிடிச்சு வெச்சுக்கறது தான் ஆயிலோட வேலை, கருப்பு நிறம் ஆயில் கெட்டுப்போனதுக்கு அடையாளம் ஆகாது.

இத கண்ணால பாத்து கண்டுபிடிக்கறத விட ஆயில் சாம்பிள் லேப்ல குடுக்கறது நல்லது. ஆயில் மாத்துறதுக்கு முன்னாடி இன்ஜின் சூடா இருக்கும்போது எடுங்க. ரிப்போர்ட்ல 100 டிகிரி விஸ்காசிட்டிய பாருங்க, 40 கிரேடு ஊத்தினது 12.5க்கு கீழ இறங்கியிருந்தா ஒண்ணு டீசல் கலந்திருக்கு இல்ல பாலிமர் அறுந்திருக்கு, 16.3க்கு மேல ஏறியிருந்தா கரி சேர்ந்திருக்கு இல்ல சூட்டுல ஆயில் வெந்து போயிருக்கு இல்ல கூலன்ட் கலந்திருக்கு. பக்கத்துலயே டீசல் சதவீதம், கரி சதவீதம், இரும்பு எவ்ளோன்னு எல்லாம் இருக்கும், ரெண்டு மூணு ரிப்போர்ட்ட வரிசையா வெச்சுப் பாத்தா தான் கதை புரியும், ஒரே ஒரு ரிப்போர்ட்ட வெச்சு முடிவுக்கு வராதீங்க.

கிரேடு சரியா இருந்து எழுத்து தப்பா இருந்தாலும் வேலை கெடும், அத சொல்லாம விட முடியாது. 15டபிள்யூ-40 சிஐ-4ம் 15டபிள்யூ-40 சிகே-4ம் கட்டில ஒண்ணு தான். ஆனா சிகே-4ல சாம்பல் அளவு 1 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, சிஐ-4ல அத விட கூட இருக்கலாம். டிபிஎஃப் இருக்குற வண்டில சாம்பல் அதிகமான ஆயில் ஊத்தினா அந்த சாம்பல் ஃபில்டர்லயே தங்கிடும், கரிய எரிச்சு சுத்தம் பண்ணலாம் சாம்பல எரிக்க முடியாது, கழட்டி தான் சுத்தம் பண்ணணும். இதுக்கு மேல இன்ஜின் கம்பெனிங்க அவங்க அவங்க கோடு, அதாவது தர நம்பர், வெச்சிருப்பாங்க, கம்மின்ஸ் சிஇஎஸ் 20086, வோல்வோ விடிஎஸ்-4.5, மெர்சிடிஸ் 228.51 இந்த மாதிரி, ஐரோப்பா பக்கத்து இன்ஜின்னா ஏசிஇஏ (அங்க இருக்குற வண்டி கம்பெனிங்க சங்கம்) ஈ8, ஈ11ன்னும் கேக்கும். மேனுவல்ல எந்தக் கோடு இருக்கோ அது கேன் பின்னாடி அப்படியே இருக்கணும். கேஸ்ல ஓடுற இன்ஜினுக்கு டீசல் ஆயில ஊத்தாதீங்க, அதுக்கு சாம்பல் அளவுக்கு தனி கணக்கு, கிரேடு ஒண்ணா இருந்தாலும் ஆயில் வேற. பழைய டெட்ராய்ட் ரெண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் வெச்சிருக்கறவங்க யாராவது இருந்தா அதுக்கு மல்டிகிரேடே வேண்டாம், வெறும் எஸ்ஏஈ 40ன்னு சிங்கிள் கிரேடு தான் கம்பெனி சொன்னது, விதிவிலக்குன்னா இப்படி தான் இருக்கும்.

கியர் ஆயில்ல 80டபிள்யூ-90ன்னு பாத்துட்டு இன்ஜின் ஆயில விட ரெண்டு மடங்கு கட்டின்னு நினைச்சுக்காதீங்க, அது வேற அளவுகோல், அந்த 90 கிட்டத்தட்ட இன்ஜின் ஆயில் 40, 50 கட்டில தான் வரும். கியர் ஆயில இன்ஜினுக்கு ஊத்தலாம்னு இத வெச்சு யாரும் கிளம்பிடாதீங்க, சேர்மானம் மொத்தமா வேற.

கிரேடு மாத்துறதா முடிவு பண்ணிட்டீங்கன்னா, உதாரணத்துக்கு 15டபிள்யூ-40ல இருந்து 10டபிள்யூ-30க்கு, ஆயில் மாத்தும்போது ஃபில்டரையும் சேர்த்து மாத்துங்க, இன்ஜின கழுவுற ஃப்ளஷ் எல்லாம் தேவையில்ல. மாத்துறதுக்கு முன்னாடி இன்ஜின் நல்லா சூடா இருக்கும்போது ஐடில்ல பிரஷர் எவ்ளோன்னு குறிச்சு வெச்சுக்கங்க, மாத்தின அப்புறம் அதே மாதிரி சூட்டுல மறுபடி பாருங்க. கொஞ்சம் இறங்கும், அது சகஜம். மெக்கானிக்குங்க 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐன்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, அது குத்துமதிப்பு தான், மேனுவல்ல ஐடிலுக்குன்னு ஒரு குறைஞ்சபட்ச நம்பர் இருக்கும், அதுக்கு கீழ போனா பழைய கிரேடுக்கே திரும்பிடுங்க, அதோட பேரிங்கையும் பம்பையும் பாக்கச் சொல்லுங்க, ஏன்னா சார்ட்ல இருக்குற கிரேடே பிரஷர் தாங்கலன்னா தேய்மானம் ஏற்கனவே இருக்கு. முதல் கொஞ்ச நாள் டிப்ஸ்டிக்க அடிக்கடி எடுத்துப் பாருங்க, லேசான ஆயில் பழைய கேஸ்கெட்ல புதுசா கசிவு காட்டும். ஒரே மாதிரி வண்டி நிறைய இருந்தா எல்லாத்துக்கும் ஒரே நாள்ல மாத்தாம ரெண்டு வண்டில மட்டும் ஊத்தி ஒரு முழு ஆயில் பீரியடு ஓட விட்டு சாம்பிள் பாத்துட்டு மத்ததுக்கு போங்க.

வழியில ஆயில் குறைஞ்சு உங்க கிரேடு கிடைக்கலன்னா என்ன பண்றது. குறைஞ்ச ஆயிலோட ஓட்டறத விட வேற கிரேடு ஊத்திட்டு ஓட்டறது எவ்ளோவோ மேல். சிகே-4 15டபிள்யூ-40 இருக்குற இன்ஜின்ல சிகே-4 10டபிள்யூ-30 ஒரு ரெண்டு லிட்டர் சேர்ந்தா ஒண்ணும் ஆகாது, பெரிய இன்ஜின்ல 30, 40 லிட்டர் ஆயில் இருக்கும், கட்டி ரெண்டுக்கும் நடுவுல வந்து நிக்கும், வேற கம்பெனி ஆயிலா இருந்தாலும் கலக்கும். சிகே-4 கேக்குற இன்ஜின்ல எஃப்ஏ-4 மட்டும் ஊத்தாதீங்க, டிபிஎஃப் வண்டில கொஞ்சம் சிஐ-4 போயிடுச்சுன்னா அடுத்த ஆயில் மாத்துறத முன்னாடியே வெச்சுக்கங்க. இந்த குழப்பமே வராம இருக்க ஒரு கேன் உங்க ஆயில வண்டிலயே வெச்சிருங்க, ஆயில் ஊத்துற மூடி பக்கத்துல கிரேடு, சிகே-4 எழுத்து, கம்பெனி கோடு மூணையும் அழியாத பேனால ஒரு ஸ்டிக்கர்ல எழுதி ஒட்டிடுங்க, வேற டிரைவர் ஏறி ராத்திரி நேரத்துல ஆயில் ஊத்தினாலும் உங்களுக்கு ஃபோன் பண்ணாம ஊத்திடுவாரு.